‘ஆம்’ இல்லாத ரோமாபுரி

மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், மலைப்பிரசங்கத்துக்கு நடுவே, சத்தியம் பண்ணவே பண்ணாதீர்கள் என்று ஒரு பகுதி வரும். வானத்தின் பேரிலும் வேண்டாம், பூமியின் பேரிலும் வேண்டாம், உன் தலையின் பேரிலும் வேண்டாம். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதோடு நிறுத்திக்கொள் என்பது சாரம். கிரேக்க மூலத்தில் இது ‘நை நை, ஊ ஊ’. லூதரின் ஜெர்மன் பைபிளில் ‘யா யா, நைன் நைன்’. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் ‘யே யே, நே நே’. கிரேக்கனின் ‘நை’ ஆம். ஜெர்மானியனின் ‘நைன்’ இல்லை. இந்தக் குழப்பத்துக்கு அப்புறம் வருகிறேன்.

எனக்குப் பிடித்தது, பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் செப்பனிட்ட லத்தீன் பைபிளில் இதே வசனம் இருக்கும் விதம்: ‘எஸ்ட் எஸ்ட், நோன் நோன்.’ நோன் என்றால் இல்லை, சரி. ஆனால் ‘எஸ்ட்’ என்பதற்கு ஆம் என்று பொருள் இல்லை; இருக்கிறது என்று பொருள். கிரேக்கத்தில் ஓர் அசையில் சொன்னதை லத்தீனில் அப்படியே சொல்ல வழியில்லை. ஏனென்றால் லத்தீனில் ‘ஆம்’ என்பதற்கென்று தனியாக ஒரு சொல் கிடையாது. பிரிட்டனிலிருந்து சிரியா வரை ஆண்ட, உலகத்துக்கே சட்டம் எழுதிக் கொடுத்த ஒரு மொழியில் ‘ஆம்’ இல்லை.

தமிழ் பைபிளில் அந்த வசனம் எப்படி இருக்கிறது? ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்.’ ஜெரோம் போன வழியேதான். லத்தீனைப் பார்த்துச் செய்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை; தமிழ்க் காதுக்கு அதுதான் இயல்பாக விழுகிறது. ‘ஆம் ஆம், இல்லை இல்லை’ என்று போட்டிருந்தால் யாரோ அவசரத்தில் ஃபோனில் பேசுவதுபோல இருந்திருக்கும்.

ரோமாபுரிக்காரர்கள் ஆமென்று சொல்லாமல் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று ஐரோப்பிய நண்பர்கள் ஆச்சரியப்படுவார்கள். நமக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ‘வெனிட்னே?’ என்று கேட்டால் ‘வெனிட்’ என்பது பதில். வந்தானா? வந்தான். கேள்வியில் இருந்த வினைச்சொல்லையே எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவது. சாப்பிட்டாச்சா, ஆச்சு. சில்லறை இருக்கா, இருக்கு. பஸ் போயிடுச்சா, போயிடுச்சு. ஒரு நாள் முழுக்க ‘ஆமாம்’ என்ற சொல்லைத் தொடாமலே ஒரு தமிழர் எல்லாக் கேள்விக்கும் சம்மதம் சொல்லிவிட முடியும். அந்த ‘ஆம்’கூட ‘ஆகும்’ என்ற வினை சுருங்கி வந்ததுதான்.

வினையைத் திருப்பிச் சொல்வதோடு லத்தீனில் உதிரியாகச் சில சொற்களும் கைவசம் இருந்தன. ‘இட்டா’ என்றால் அப்படி. ‘ஸீக்’ என்றால் இப்படி. ‘ஸானே’, நிச்சயமாக. ‘வேரோ’, மெய்யாகவே. ‘எட்டியாம்’, அதுவும்தான். சமயத்துக்கு ஏற்றபடி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். எதுவும் ‘ஆம்’ என்ற நாற்காலியில் நிரந்தரமாக உட்காரவில்லை.

பேரரசு சிதைந்து, ஊருக்கு ஒரு விதமாகப் பேச்சு லத்தீன் பிரிந்துபோனபோது, அந்தந்த ஊர்க்காரர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ‘ஸீக்’ உட்கார்ந்தது. கடைசி எழுத்து உதிர்ந்து ‘ஸீ’ ஆயிற்று. போர்ச்சுகீசியர் அதை மூக்கால் இழுத்து ‘ஸீம்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். இந்த ‘ஸீக்’கை இன்றும் புத்தகங்களில் பார்க்கலாம். மேற்கோளில் பிழை இருந்தால் ‘மூலத்தில் இப்படித்தான் இருக்கிறது’ என்று அடைப்புக்குள் போடுவார்களே, அதே சொல்.

இன்றைய பிரான்ஸில் வேறொன்று நடந்தது. அங்கே எடுத்துக்கொண்டது ‘ஹோக்’. பொருள் ‘இது’. தெற்கே இந்த ‘ஹோக்’ ஹகரத்தை இழந்து ‘ஓக்’ என்று ஆமாகிவிட்டது, வேலை முடிந்தது. வடக்கே அது போதவில்லை. ‘இது’ என்று மொட்டையாகச் சொல்லாமல், யார் என்பதையும் ஒட்டிக்கொண்டார்கள். நீ செய்தாயா என்றால் ‘ஓ ஜெ’: இதை நான். அவன் செய்தானா என்றால் ‘ஓ இல்’: இதை அவன். செய்தான் என்ற வினை தொக்கி நிற்கும். நாங்கள் என்றால் ‘ஓ நோ’. ஆக, பழைய பிரெஞ்சில் ஆளுக்குத் தகுந்தபடி ஆம் மாறும். நமக்கு ‘வந்தேன்’, ‘வந்தான்’ என்று விகுதி மாறுவதுபோல அவர்களுக்கு ‘ஆம்’ மாறியது. காலப்போக்கில் மற்றவை எல்லாம் ஒதுங்கி ‘ஓ இல்’ மட்டும் மிஞ்சியது. அதைச் சேர்த்துச் சொல்லிச் சொல்லி ‘ஓயில்’, பிறகு லகரமும் விழுந்து இன்றைய ‘வுய்’.

இதில் தமிழனுக்கு மட்டும் புரியும் ஒரு நகைச்சுவை ஒளிந்திருக்கிறது. ‘ஓ இல்’ என்பதன் லத்தீன் மூலம் ‘ஹோக் இல்லே’. இல்லே என்றால் லத்தீனில் ‘அவன்’. ஐரோப்பாவிலேயே மிகப் புகழ்பெற்ற ஆமுக்குள் ஓர் ‘இல்லே’ உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு ஒரு ஜோடியும் இருந்தது. ‘நோன் இல்லே’ என்பது சுருங்கி ‘நெனில்’, அதுவே பின்னால் ‘நெனி’ ஆகி இல்லை என்று சொல்லப் பயன்பட்டது. இப்போது யாராவது ‘நெனி’ என்றால் வேடிக்கைக்காகப் பழைய பாஷை பேசுகிறார் என்று அர்த்தம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த காலத்தில் ‘வுய்’ என்பது ‘கேட்டேன்’ என்ற வினையிலிருந்து வந்தது என்று எங்கள் வகுப்பில் ஒருவர் அடித்துச் சொன்னார். பிரெஞ்சில் கேட்டல் என்பதற்கு ஒரு பழைய வினை உண்டு. அதன் இறந்தகால வடிவம் ஏறக்குறைய இதே எழுத்துகளில் இருக்கும். பிரான்ஸிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கேட்டதும் பிடித்துப்போகிற விளக்கம், ‘உத்தரவு, கேட்டேன்’ என்பதுபோல. ஆனால் ஆவணங்களில் ‘ஓயில்’ தெளிவாக நிற்கிறது. அதன் தோளில்தான் ‘வுய்’ ஏறி வந்திருக்கிறது. கேட்டதும் பிடித்துப்போகிற சொற்பிறப்புகளைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இந்த மூன்று ஆம்களையும் வரிசையாக வைத்து முதலில் கணக்குப் போட்டவர் இத்தாலியக் கவிஞர் தாந்தே. 1303க்கும் 1305க்கும் நடுவில், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு அலைந்துகொண்டிருந்தபோது, மக்கள் பேச்சுமொழியைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுத ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அதில் தெற்கு ஐரோப்பாவின் மொழியை மூன்றாகப் பிரிக்கிறார்: சிலர் ‘ஓக்’ என்று ஆமோதிக்கிறார்கள், சிலர் ‘ஓயில்’ என்று, சிலர் ‘ஸீ’ என்று. மூன்றும் ஒரே மொழியின் பிரிவுகள் என்பதற்கு அவர் காட்டுகிற சான்றும் அழகானது. கடவுள், வானம், அன்பு, கடல், நிலம், இருக்கிறது, வாழ்கிறது, சாகிறது, நேசிக்கிறது: இவற்றுக்கெல்லாம் மூன்று கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே சொற்களைத்தானே வைத்திருக்கிறார்கள் என்கிறார். ஒப்பிலக்கணம் என்ற துறை பிறக்க இன்னும் ஐந்நூறு ஆண்டுகள் இருந்த காலம்.

அவர் கணக்கு எல்லா இடத்திலும் சரியில்லை. ஸ்பானியர்களை ‘ஓக்’ கூட்டத்தில் தள்ளிவிட்டார். வடக்கே ஸ்லாவியர், ஹங்கேரியர், ஜெர்மானியர், ஆங்கிலேயர் எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இவர்கள் ‘இயோ’ என்பார்கள் என்று முடித்துவிட்டார். ஜெர்மானியருக்குச் சரி, ஹங்கேரியர் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் ஆம் ‘இகென்’. இன்னொரு விந்தை: இந்த மூன்றுக்கும் தாய் லத்தீன் என்று தாந்தே நினைக்கவில்லை. லத்தீன் என்பது பேச்சுமொழிகள் கண்டபடி மாறுவதைச் சகிக்காமல் அறிஞர்கள் உட்கார்ந்து செய்த இலக்கண மொழி என்பது அவர் எண்ணம். எல்லாத் தடயங்களையும் கையில் வைத்துக்கொண்டு தாயைத் தவறவிட்டார்.

ஆனால் ஊருக்கு ஊர் ஆம் மாறுகிறது என்ற விஷயம் அவரை விடவேயில்லை. அவருடைய ‘தெய்வீக நாடகம்’ காவியத்தின் நரகப் பகுதியிலேயே மூன்று இடங்களில் அது தலைகாட்டுகிறது. பதினெட்டாம் பாட்டில் பொலோஞா நகரத்துத் தரகன் ஒருவன், சொந்தத் தங்கையையே ஒரு பிரபுவுக்குக் கூட்டிக்கொடுத்தவன், சாட்டையடி வாங்கிக்கொண்டே சொல்கிறான்: இங்கே அழுகிற பொலோஞாக்காரன் நான் மட்டும் இல்லை, சாவேனா ஆற்றுக்கும் ரேனோ ஆற்றுக்கும் இடையில் ‘சீப்பா’ என்று சொல்லக் கற்ற நாக்குகள்கூட இங்கே இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் அளவுக்குத் தேறாது. ‘சீப்பா’ என்பது அந்தக் காலப் பொலோஞாவின் ஆம். ஊரின் பெயரைச் சொன்னதோடு விடாமல், இரண்டு ஆறுகளையும் ‘ஆம்’ என்ற ஒரு சொல்லையும் வைத்தும் ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டார். திருநெல்வேலிக்காரரை ஒரு ‘ஏலே’யில் காட்டிவிடுவது மாதிரி.

இருபத்தொன்றாம் பாட்டில் லூக்கா நகரம் மாட்டுகிறது. லஞ்ச அதிகாரிகளைக் கொதிக்கும் தாரில் முக்குகிற இடம். ஒரு லூக்காக்காரனைத் தோளில் தூக்கிவந்து உள்ளே எறிகிற பேய் சொல்கிறது: அந்த ஊரில் காசு கொடுத்தால் ‘நோ’ என்பது ‘இட்டா’ ஆகிவிடும். தெருவில் ‘ஸீ’ என்று பேசுகிற ஊரில், இங்கே மட்டும் லத்தீன் ‘இட்டா’ ஏன்? இது சந்தையில் சொல்கிற ஆம் இல்லை, காகிதத்தில் ஏறுகிற ஆம் என்று நான் வாசிக்கிறேன். வேறு விளக்கம் இருந்தாலும் இருக்கட்டும், எனக்கு இதுதான் ருசிக்கிறது.

மூன்றாவது இடம் எல்லாருக்கும் தெரிந்தது. பிள்ளைகளோடு கோபுரத்தில் அடைத்துப் பட்டினி போட்டுக் கொல்லப்பட்ட உகோலினோவின் கதை முடிந்ததும் தாந்தே பீசா நகரத்தைச் சபிக்கிறார்: ‘ஸீ’ ஒலிக்கிற அந்த அழகிய நாட்டு மக்களுக்கே நீ அவமானம். இத்தாலி என்றொரு நாடு அப்போது இல்லை. இருந்ததெல்லாம் சண்டைபோட்டுக்கொள்ளும் ஊர்கள். அவற்றை ஒரு தேசமாகச் சேர்த்துச் சொல்ல அவருக்குக் கிடைத்தது அந்த ஓரசைச் சொல்தான்.

தாந்தே கவிதையில் செய்ததை பிரான்ஸ் அரசர்கள் நிர்வாகத்தில் செய்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் வரி கேட்க மக்கள் பிரதிநிதிகளைக் கூட்டும்போது, ‘ஓயில் மொழி’ நாட்டாருக்கு ஒரு கூட்டம், ‘ஓக் மொழி’ நாட்டாருக்கு ஒரு கூட்டம் என்று தனித்தனியாகக் கூட்டுவது உண்டு. ‘லாங்கு தோக்’, ஓக் மொழி, என்பது அப்படியே தெற்கே டூலூஸ் நகரத்தைச் சுற்றியுள்ள மாகாணத்தின் பெயராக நிலைத்தது. ஒரு மொழி தன் ஆமின் பெயரால் அழைக்கப்பட்டு, அந்த மொழியின் பெயரால் ஒரு நிலம் அழைக்கப்பட்டது.

வடக்கத்தி ஆம்தான் கடைசியில் ஜெயித்தது. 1539இல் முதலாம் பிரான்சுவா வில்லேர்-கொத்ரே என்ற இடத்தில் போட்ட அரசாணை, நீதிமன்றக் காகிதங்கள் எல்லாம் பிரெஞ்சில்தான் இருக்கவேண்டும் என்றது. அடிபட்டது முதலில் லத்தீன், கூடவே ‘ஓக்’கும். 1794இல், புரட்சிக்கு நடுவே, பாதிரியார் கிரெகுவார் தாக்கல் செய்த அறிக்கை வட்டார மொழிகளை ஒழித்தே தீரவேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. பிறகு பள்ளிக்கூடங்கள். வகுப்பில் வாய்தவறி வீட்டு மொழியைப் பேசிய பிள்ளையின் கையில் ஒரு கட்டையையோ செருப்புத் துண்டையோ கொடுப்பார்கள். அந்தப் பிள்ளை அடுத்து அப்படிப் பேசுகிறவனைப் பிடித்து அதைத் தள்ளிவிட வேண்டும். சாயங்காலம் யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. ஆக்சிதானில், அதாவது இன்று அப்படி அழைக்கப்படும் ‘ஓக்’ மொழியில், இந்த அனுபவத்துக்கு ஒற்றைச் சொல் வைத்திருக்கிறார்கள்: ‘வெர்கோன்யா’, வெட்கம். அந்த மொழியின் புரோவான்ஸ் வழக்கில் எழுதிய கவிஞர் மிஸ்திரால் 1904இல் நோபல் பரிசு வாங்கினார். அதுவும் பள்ளிக்கூடத்தை அசைக்கவில்லை.

நான் டூலூஸில் இருந்தபோது மெட்ரோ ரயிலில் நிலையத்தின் பெயரை முதலில் பிரெஞ்சிலும் அடுத்து ஆக்சிதானிலும் அறிவிப்பார்கள். ‘காப்பித்தோல்’, உடனே ‘காப்பித்தோலி’. தெருப்பலகைகளும் இரண்டு மொழியில். ஆனால் அந்த ரயிலிலோ தெருவிலோ ஒருவர்கூட இன்னொருவருக்கு ‘ஓக்’ என்று பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லை நான் அதிகம் பார்த்தது சூப்பர் மார்க்கெட்டின் ஒயின் வரிசையில்: ‘பேய் தோக்’, ஓக் நாடு, என்று பாட்டில் பாட்டிலாக அச்சடித்திருக்கும். 2016இல் நிர்வாகப் பகுதிகளைச் சேர்த்துப் புதிதாக வரைந்தபோது அந்தப் பகுதிக்கு ‘ஆக்சிதானி’ என்றே பெயர் வைத்தார்கள். ஓக் என்று சொல்கிறவர்கள் அருகிப்போன பிறகு வரைபடத்தில் அதன் பெயர் பெரிதாகிக்கொண்டே போகிறது.

சரி, ‘ஸீ’ பிரான்ஸில் சாகவில்லை. அதற்கு வேறொரு வேலை கொடுத்தார்கள். ‘நீ வரவில்லையா?’ என்று எதிர்மறையாகக் கேட்டு, இல்லை, வருகிறேன் என்று மறுக்கவேண்டுமானால் ‘வுய்’ என்று சொல்லக்கூடாது, ‘ஸி’ என்று சொல்லவேண்டும். ஜெர்மனில் இதற்கு ‘டோக்’. சுவீடன், டென்மார்க், நார்வேயில் ‘யூ’. ருமேனியாவில் ‘பா தா’. இது தமிழருக்கு நேரடியாக வலிக்கிற இடம். ‘நீ வரலையா?’ என்றால் நாம் ‘ஆமா, வரலை’ என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பது நம் ஆம். ஆங்கிலேயன் அதையே ‘நோ’ என்று ஆரம்பிப்பான். இரண்டு பேரும் நேர்மையாகப் பேசி இரண்டு பேரும் ஏமாந்துபோக இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆங்கிலத்தில் வேலை செய்கிற தமிழர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது ‘யெஸ்’ சொல்லி மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் நான்கு சொற்கள் இருந்தன என்றால் பலர் நம்பமாட்டார்கள். நேர்க்கேள்விக்கு ‘யே’, ‘நே’. எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’. ‘யே’யோடு ‘அப்படியே ஆகுக’ என்ற பொருளுள்ள ஒரு துணுக்கு ஒட்டி உண்டானதே ‘யெஸ்’ என்பது பரவலான விளக்கம். மறுத்துச் சொல்வதற்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டிருக்கும்.

இந்த வேறுபாடு தேய்ந்துகொண்டிருந்த நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போனவர் தாமஸ் மோர். வில்லியம் டின்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டு இங்கிலாந்துக்குள் கடத்திக்கொண்டிருந்தார். மோர் அரசரின் தலைமை அமைச்சர், கத்தோலிக்கர், டின்டேலை மதத்துரோகி என்று கருதியவர். 1532இல் டின்டேலை மறுத்து அவர் எழுதிய மாபெரும் நூலில், இறையியல் வாதங்களுக்கு நடுவே திடீரென்று இலக்கண வாத்தியார் ஆகிவிடுகிறார். யோவான் ஸ்நானகனிடம் ‘நீர் அந்தத் தீர்க்கதரிசியா?’ என்று கேட்டதற்கு ‘நோ’ என்று பதில் போட்டிருக்கிறாயே, அது நேர்க்கேள்வி அல்லவா, ‘நே’ என்றல்லவா வரவேண்டும்? உதாரணம் வேறு கொடுக்கிறார், விஷம் தடவிய உதாரணம்: ‘மதத்துரோகி வேதத்தை மொழிபெயர்க்கத் தகுதியானவனா?’ என்று கேட்டால் ‘நே’. ‘மதத்துரோகி வேதத்தை மொழிபெயர்க்கத் தகுதியானவன் இல்லையா?’ என்று எதிர்மறையாகக் கேட்டால் ‘நோ’. 1535இல் மோரின் தலை லண்டனில் விழுந்தது. மறு ஆண்டு டின்டேலை பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் கழுத்தை நெரித்து எரித்தார்கள். மோர் கட்டிக்காத்த இலக்கணமும் அதிக நாள் தாங்கவில்லை. ‘யே’, ‘நே’ இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் வாக்கெடுப்பில் மிச்சம் இருக்கின்றன. பிரிட்டிஷ் மக்களவையில் ‘ஐ’, ‘நோ’ என்று கத்துவார்கள். பிரபுக்கள் சபையில் அதுவும் கிடையாது. அங்கே ‘திருப்தி’, ‘திருப்தி இல்லை’. பிரபுக்கள் அல்லவா.

கிழக்கே போனால் கதை சுருங்கிவிடுகிறது, ஆனால் ஒரு விஷயம் என்னை உட்கார வைத்தது. போலந்தில் ஆம் என்பது ‘தாக்’. அதன் பொருள் ‘இப்படி’. அதாவது லத்தீன் ‘ஸீக்’ நடந்த அதே பாதை. செக் மொழியில் ‘அனோ’. ‘அது’ என்ற சுட்டுச்சொல் உள்ளே இருக்கிறது. அதாவது ‘ஹோக்’ நடந்த பாதை. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. ஆம் வேண்டும் என்று தோன்றும்போது மனிதர்கள் கையை நீட்டிச் சுட்டுகிறார்கள் போலிருக்கிறது: இது, அது, இப்படி. அந்த ‘அனோ’ அவசரப் பேச்சில் தேய்ந்து ‘நோ’ ஆகிவிடுவது தனி வேடிக்கை. பிராகாவில் ஃபோனில் ‘நோ, நோ, நோ’ என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். போலந்துக்காரர்களுக்கும் ‘நோ’ என்றால் ‘ம், ஆமாம்’.

ருமேனியர்கள் லத்தீனின் நேர்வாரிசுகள். இல்லை என்பதற்கு லத்தீன் வழிவந்த ‘நூ’வை வைத்திருக்கிறார்கள். ஆமுக்கு மட்டும் சுற்றியிருந்த ஸ்லாவியர்களிடமிருந்து ‘தா’வை வாங்கிக்கொண்டார்கள் என்பதே பெரும்பாலானவர்களின் கருத்து. பாட்டி வீட்டில் அந்தப் பாத்திரம் இருந்ததே இல்லை, பக்கத்து வீட்டில்தானே வாங்கவேண்டும்.

பல்கேரியாவும் கிரேக்கமும் எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன. வடக்குப் பக்கம் ‘நே’ என்றால் இல்லை. தெற்குப் பக்கம் ‘நே’ என்றால் ஆம். பைபிளில் பார்த்த பழைய ‘நை’தான் இன்றைய உச்சரிப்பில் ‘நே’. சைகையால் சமாளிக்கலாம் என்றால் பல்கேரியர் ஆமென்று சொல்லத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார். இல்லை என்பதற்கு மேலே சொடுக்குவார். அங்கே தலையாட்டலில் குழம்பாமல் தப்பிக்கக்கூடிய வெளியூர்க்காரர்கள் நாம் மட்டும்தான். சுவீடனின் வடக்கே, ஊமியோ நகரப் பக்கம், வாயே திறப்பதில்லை. உதட்டைக் குவித்து ஸ்ஷ்ப் என்று சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தால் அது ஆம். முதல் தடவை கேட்கிறவர் எதிரில் இருப்பவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறுவார்.

கிரேக்கர்கள் இல்லைக்கு ஒரு திருவிழாவே கொண்டாடுகிறார்கள். 1940 அக்டோபர் 28, விடியற்காலை மூன்று மணி வாக்கில் இத்தாலியத் தூதர் கிராட்சி, பிரதமர் மெட்டாக்ஸாஸின் வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் படையை உள்ளே விடுங்கள் என்ற முசோலினியின் கடிதத்தைக் கொடுத்தார். மெட்டாக்ஸாஸ் மறுத்தார். அந்த நாள் இன்று ‘ஓஹி’ தினம், தேசிய விடுமுறை. அவர் ‘ஓஹி’ என்ற ஒற்றைச் சொல்லால் பதில் சொன்னதாகக் குழந்தைகள் நாடகம் போடுவார்கள். உண்மையில் இருவரும் பேசியது பிரெஞ்சில். ‘அப்படியானால் இது போர்’ என்பதுதான் அவர் சொன்னது. திருவிழாவுக்கு அது நீளம்.

ஓரசைச் சொல் எல்லாருக்கும் வசதிதான், அதிகாரத்துக்கும் வசதி. 1938 ஏப்ரல் 10, ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்ததற்கு மக்கள் ஒப்புதல் கேட்ட வாக்குச்சீட்டைப் படத்தில் பாருங்கள். நடுவில் பெரிய வட்டம், மேலே ‘யா’. வலப்பக்கம் ஒதுங்கிய சின்ன வட்டம், மேலே ‘நைன்’. நாட்டுக்குள் ஏற்கெனவே படை வந்துவிட்டது. 99 சதவீதத்துக்கும் மேல் ‘யா’ என்று அறிவித்தார்கள்.

வினையைத் திருப்பிச் சொல்கிற பழைய வழக்கம் ஐரோப்பாவில் ஓரங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. போர்ச்சுகலில் ‘ஸீம்’ இருந்தும், சில்லறை வைத்திருக்கிறாயா என்றால் ‘வைத்திருக்கிறேன்’ என்பதே சகஜமான பதில். ஃபின்லாந்தில் வருகிறாயா என்றால் ‘துலென்’, வருகிறேன். அவர்களுடைய ‘இல்லை’யும் ஆளுக்கு ஆள் வடிவம் மாறும், நம் மாட்டேன், மாட்டாய், மாட்டான் போல. வெல்ஷ் மொழியில் கேள்வியைப் பொறுத்துப் பதில்: பால் இருக்கிறதா என்றால் ‘ஓய்ஸ்’, நீ வருகிறாயா என்றால் ‘அடூ’, நேற்றுப் போனாயா என்றால் ‘தோ’, ஆசிரியரா நீ என்றால் ‘யே’. புதிதாகப் படிக்கிறவர்கள் முதல் மாதமே அழுகிறார்கள். இவற்றையெல்லாம் ‘ஆம் இல்லாத மொழிகள்’ என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஏதோ ஊனம்போல எழுதுகிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. ‘வருகிறேன்’ என்று சொன்னவன் எதற்குச் சம்மதித்தான் என்பது அவன் வாயிலேயே இருக்கிறது. ‘யெஸ்’ என்றவனிடம் மறுபடியும் கேட்கவேண்டும்.

அயர்லாந்தில் ஐரிஷ் மொழிக்கும் ஆம் கிடையாது. அந்த மொழியை மறந்து ஆங்கிலத்துக்கு மாறிய பிறகும் பழக்கம் போகவில்லை. வருகிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டால் ‘யெஸ்’ வராது, ‘ஐ ஆம்’ வரும். அரசியல் சாசனத்தைத் திருத்தவேண்டுமென்றால் அங்கே மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும். வாக்குச்சீட்டு இருமொழியில் அச்சாகும். ஆங்கிலத்தில் ‘யெஸ்’, ‘நோ’. ஐரிஷில் என்ன போடுவது? கேள்வியையே ‘இந்தத் திருத்தத்துக்கு உமக்குச் சம்மதமாக இருக்கிறதா?’ என்ற ரீதியில், இருக்கிறது என்ற வினையை வைத்து அமைத்துவிடுகிறார்கள். அப்போது பதில் தானாக வந்துவிடும்: ஒரு கட்டத்துக்கு எதிரே ‘தா’, இருக்கிறது, மற்றதற்கு எதிரே ‘நீல்’, இல்லை. தமிழ் எழுத்தில் இது ருமேனியரின் ‘தா’ மாதிரியே தெரியும். ருமேனியருடையது தர்மத்தில் வரும் த, ஐரிஷ்காரருடையது தலையில் வரும் த. 2015 மே 22 அன்று ஒருபால் திருமணத்துக்கு அனுமதி கேட்டு வாக்கெடுப்பு நடந்தபோது டப்ளினில் சட்டையில் குத்திக்கொண்ட பேட்ஜுகளில் ‘யெஸ்’ஸுக்குப் போட்டியாக ‘தா’வும் ஓடியது. அன்றாடம் ஐரிஷ் பேசாதவர்களும் குத்திக்கொண்டார்கள். 62 சதவீதம் பேர், இரண்டில் எந்தச் சொல்லைப் படித்துக் குறியிட்டார்களோ, மேல் கட்டத்தில் குறியிட்டார்கள்.